நாற்பத்தோராம் நாள்

குத்தாய்சி சந்தையில்
பாலாடைக்கட்டி விற்கும் எத்தேரிக்கு
என்மேல் கோபம்.
நாற்பது நாளாக அவள் நீட்டும் பையை
வேண்டாம் என்கிறேன்.

"என் கை அழுக்கா, தராசு அழுக்கா?
கடன் சொல்பவனுக்கே
இரட்டைப் பை போட்டுத் தருகிறவள் நான்.
கிழிசல் துணியில் கட்டிக்கொண்டு போகிறாயே,
பார்க்கிறவர்கள் என்னைத்தான் கஞ்சப்பிசினாரி என்பார்கள்."

துணிக்குள் சுல்குனி அழத் தொடங்குகிறது.
உப்புநீர் முழங்கைவரை இறங்குகிறது.
பேருந்தில் என் பக்கத்து இருக்கை
கடைசி நிறுத்தம்வரை காலி.

முதல் வாரம் எளிதாகத்தான் இருந்தது.
மறுப்பதிலும் ஒரு போதை உண்டு.
பிறகு சவர்க்காரத்தில் குளித்த தலைமுடி
கயிறாயிற்று.
மரத் தூரிகையின் மயிர்கள் உதிர்ந்து
காலைத் தேநீரில் நாக்கைக் குத்தின.
கண்ணாடி ஜாடிதானே என்று நிம்மதியாய் வாங்கினால்
மூடியின் உள்ளே
மெல்லிய வெள்ளை வளையமாக
உட்கார்ந்திருந்தது அது.

ஆப்பிள்மேல் ஒட்டியிருந்த சின்ன வில்லையை
நகத்தால் சுரண்டினேன்.
விரலுக்கு வந்தது.
விரலிலிருந்து மேசைக்கு,
மேசையிலிருந்து முழங்கைக்கு.
விடியும்போது என் நெற்றியில் இருந்ததாக
ஸ்வியாத் சொன்னான்.
சிரிக்காமல் சொன்னான், பாவம்.

அவன் வாங்கிவரும் பிஸ்கட்டின் உறை
மேலங்கிக்குள் மடங்கி
மூன்று தெரு தாண்டிய குப்பைத்தொட்டிக்குப் போகிறது.
எனக்குத் தெரியும்.
அங்கியின் இடப்பக்கம் சரசரக்கிறது,
கட்டிப்பிடிக்கும்போது.

இவ்வளவும் சொல்லி
ஒன்றை மட்டும் விழுங்கினால் நான் பொய்க்காரி.

என் தொழில் பல் கட்டுவது.
இளஞ்சிவப்புத் தூளில் திரவம் ஊற்றிக் குழைத்து
அது மாவாகும் கணத்துக்காகக் காத்திருந்து
அச்சில் அழுத்தி
கொதிநீரில் இறக்குகிறேன்.
எட்டு மணி நேரம் பிளாஸ்டிக் ஈறுகளைத் தேய்க்கிறேன்.
அந்தத் தூள் என் நகக்கண்ணில்,
இமையில்,
நான் பெருமையோடு சுமக்கும்
துணிப்பையின் தையலில்.
வேறு எதில் செய்ய?
மரம் ஊறும்.
பொன் வைத்துக் கட்டும் அளவுக்கு
என்னிடம் வருகிறவர்களுக்கு வசதி இல்லை.

போன குளிர்காலத்தில்
வாயைக் கையால் மூடியபடி வந்தாள் எத்தேரி.
மூன்று வருடமாக
தன் கடைப் பாலாடைக்கட்டியையே கடித்ததில்லையாம்.
விலை சொல்லும்போது மட்டும் கை எடுப்பாளாம்,
அதுவும் பாதி.
அவளுடைய கல்யாணப் படத்தைக் கொண்டுவரச் சொன்னேன்.
மேல்வரிசையில் ஒரு கோரைப்பல்
கொஞ்சம் கோணல்.
அதே கோணலை வைத்துக் கட்டினேன்.
கண்ணாடியில் பார்த்தாள்.
நாக்கால் தடவினாள்.
பிறகு ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள்,
சந்தோஷமாக.

இன்று மழை விட்டிருக்கிறது.
ரியோனி ஆறு வடிந்த கரையில்
வில்லோக் கிளைகளெங்கும் நீலப் பைகள்,
காற்று புகுந்து எழும்பி
மறுபடி தொங்கிப்போகின்றன.
எவர் வீட்டுத் தோசைமாவு, எவர் வீட்டுக் கொத்தமல்லி என்று
சொல்ல முடியாதபடி எல்லாம் ஒரே வெறுமை.
இல்லை, இங்கே தோசைமாவு ஏது?
சோளமாவு என்று திருத்திக்கொள்கிறேன்.
எந்த ஊர்ப் பை என்று
ஆறு கேட்பதில்லை.

எத்தேரி என்னைக் கண்டதும்
மேசைக்கடியில் குனிந்தாள்.
விளிம்பு உதிர்ந்த எனாமல் சட்டி ஒன்றை
டொக்கென்று வைத்தாள். மூடியோடு.
"நாளைக்குக் கழுவிக் கொண்டுவா.
தொலைத்தால் உன்னைத் தொலைத்துவிடுவேன்."

நன்றி சொல்ல வாயெடுத்தேன்.
அதற்குள் அடுத்த ஆள்.
பைகள் தீர்ந்திருந்தன.
புதுக் கட்டு ஒன்றை உருவி
இறுகிய முடிச்சைப் பல்லுக்குக் கொடுத்தாள்,
தலையை ஒரு வெட்டு வெட்டினாள்.

கோணல் பல்தான் முதலில் பிடித்தது.
ஒரே இழுப்பு.
நூறு பைகள் மலர்ந்து விழுந்தன.

நன்றாகத்தான் கட்டியிருக்கிறேன்.